சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒரே அட்டவணையில் போடுவது எப்படி

65 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஏறத்தாழ 130 முதல் 150 கலோரி செலவாகும். நடந்து முடித்து, வியர்வை காய்வதற்குள் கோப்பிக் கடையில் ஒரு தே தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர். அதில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் விழுந்திருந்தால் சுமார் 22 கிராம் சர்க்கரை, 130 கலோரி. வரவும் செலவும் அங்கேயே நேராகிவிட்டன. இதயத்துக்கும் தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை தந்த பலன் அப்படியேதான் இருக்கிறது. இடுப்பு ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் அந்தக் கோப்பைக்குள் கிடக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, உடலை அசைக்காமலேயே மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைப்பார்கள். குறைந்ததில் ஒரு பங்கு தசை. பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் எடை திரும்பி வரும், போன தசை தானாகத் திரும்பாது. எடைக் கருவியில் அதே எண், உள்ளே முன்பைவிடக் கூடுதல் கொழுப்பு.

நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். ஒரே உயரம், ஒரே எடை இருந்தாலும் இந்திய வம்சாவளியினரின் உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி. தசை குறைவு. சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு (BMI) 23-ஐத் தொட்டாலே நீரிழிவு, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்றும், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்றும் கணக்கு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். கிடங்கு சிறியது, வரும் சரக்கோ ஒரு தட்டு நிறையச் சோறு. அதனால் வேலை இரண்டு: கிடங்கைப் பெரிதாக்குவது, சரக்கு வரும் வேகத்தைக் குறைப்பது. முதலாவதைத் தசைப் பயிற்சியும் புரதமும் சேர்ந்து செய்கின்றன. இரண்டாவதைத் தட்டில் இருப்பதும் சாப்பிட்ட பின் நடக்கும் நடையும் சேர்ந்து செய்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் பாதிதான் கிடைக்கும்.

தொடங்கும் முன் ஐந்து நிமிட வேலை

காலையில் எழுந்ததும், எதுவும் குடிக்கும் முன், தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் இடுப்பை அளந்து எழுதுங்கள். வயிற்றை உள்ளே இழுத்து அளந்தால் ஏமாறுவது நீங்கள்தான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி அதையும் எழுதுங்கள். எடை மூன்றாவது.

அடுத்தது எண்ணெய். புதிதாகத் திறக்கும் 2 லிட்டர் போத்தலின் மேல் தேதியை எழுதி வையுங்கள். வீட்டில் நான்கு பேர், போத்தல் 25 நாள் வந்தால் ஆளுக்கு நாளைக்கு 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி. பதினைந்தே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 33 மில்லிலிட்டர். அந்தக் கூடுதல் 13 மில்லிலிட்டரில் நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. 'நாங்கள் எண்ணெய் அதிகம் சேர்ப்பதில்லை' என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். போத்தலைக் கேட்பது நல்லது.

மாடி ஏறும்போதோ நடக்கும்போதோ நெஞ்சு இறுகுவது, தலை சுற்றுவது, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல் இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொண்டு, இந்தச் சாப்பாடு, பயிற்சி அட்டவணையையே அவரிடம் காட்டிப் பேசலாம். 2023 ஜூலையில் தொடங்கிய அத்திட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

தட்டு

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: பாதித் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌ குவா (கெட்டி டோஃபு) போன்ற புரதம். நம் வீட்டுச் சாப்பாட்டை இதில் பொருத்தும்போது ஒரே இடத்தில்தான் இடிக்கும். சாம்பாரைப் புரதம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க 120 கிராம் துவரம்பருப்பு போடுகிறீர்கள். அதில் இருக்கும் புரதம் மொத்தம் சுமார் 26 கிராம். சாம்பார் எட்டுக் கரண்டி வந்தால் கரண்டிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாலும் 7 கிராம் தாண்டாது. தசைப் பயிற்சி செய்யும் 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 72 கிராம் அளவில் புரதம் வேண்டும், அதாவது கிலோவுக்கு 1.2 கிராம். வேளைக்கு 20 கிராம், இடையில் ஒரு 12 கிராம் என்று பிரித்துக்கொண்டால் சாம்பார், ரசம், மோர், உருளைக்கிழங்கு வறுவல் என்று நிறைவாகத் தெரியும் மதியச் சாப்பாட்டில் அந்த 20 கிராம் தேறுவது கடினம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

20 கிராமை எப்படி எட்டுவது? மூன்று முட்டை அதற்கு மிக அருகில் வரும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி சமைத்த பிறகு 70 கிராம் போதும். உள்ளங்கை அளவு மீன் துண்டு, கெம்போங் மீன் என்றால் நடுத்தர அளவில் இரண்டு. தௌ குவா 150 கிராமில் 18 கிராம் போல, தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் 19 கிராம் போல. பன்னீர் 100 கிராமிலும் இதே அளவு இருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் தினமும் அதையே நம்பக் கூடாது. வேகவைத்த கொண்டைக்கடலை 150 கிராமில் 12 கிராம்தான். அதோடு ஒரு முட்டையோ, சர்க்கரை சேர்க்காத சோயா பால் 250 மில்லிலிட்டரோ (7 முதல் 8 கிராம்) சேர வேண்டும். சாதாரணத் தயிர் 100 கிராமுக்கு 4 கிராம் அளவில்தான் தரும். தயிர் சாதம் வயிற்றுக்கு இதம், தசைக்கு அவ்வளவாக உதவாது.

வீட்டில் சைவம்தான் என்றால் தெம்பேயைப் பழகிக்கொள்வதே மிகச் சுலபமான வழி. பலர் ஒருமுறை வாங்கி, கசக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அரை விரல் தடிமனில் நறுக்கி, பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் அந்தக் கசப்பு போய்விடும். பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இடித்த சோம்பு, கொஞ்சம் புளிக்கரைசல், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பிசறி, கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒட்டாத தவாவில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். கறிவேப்பிலையைக் கடைசியில் போடுங்கள். வாழைக்காய் வறுவலுக்கு உள்ள மரியாதை இதற்கும் கிடைக்கும். எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தால் தெம்பே அதைக் குடித்துக்கொள்ளும், பிறகு மேலே போட்ட கணக்கெல்லாம் தப்பு.

சோற்றை விடத் தேவையில்லை. அளந்து போடுங்கள். ஒரு கிண்ணம் சோறு 200 கிராம் என்றால் 260 கலோரி, 56 கிராம் மாவுச்சத்து. பயிற்சி செய்யும் நாளில் மதியம் ஒரு கிண்ணம், இரவு அரைக் கிண்ணம் முதல் முக்கால் வரை. பயிற்சி இல்லாத நாளில் இரவு அரைக் கிண்ணம். கடையில் கிடைக்கும் வெள்ளை மல்லிகை அரிசி ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். புழுங்கல் பொன்னியும் பாஸ்மதியும் அதைவிட மெதுவானவை. சிவப்பரிசிக்கு மாறிவிட்டோம் என்று மலை மாதிரி போட்டுக்கொண்டால் மாறியதற்குப் பொருளில்லை.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பொரியல், கீரை, முட்டை அல்லது மீனில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறும் உச்சம் குறைகிறது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால்தான் சாப்பாடு என்று வளர்ந்தவர்களுக்கு இது முதலில் விருந்தாளி மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

காய்கறிக்குத் தேக்கா சந்தைக்கே போக வேண்டும் என்றில்லை. முருங்கைக்கீரைக்கு அங்கே போகலாம், மற்ற நாளில் வீட்டுக்குக் கீழே கிடைக்கும் காங்கோங், சாய் சிம், காய்லான் எல்லாம் நம் தாளிப்புக்கு அழகாகப் பொருந்தும். உறைய வைத்த பீன்ஸ், பட்டாணிக்கும் சத்தில் குறைவில்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு வருபவர் காய் நறுக்குவதை நினைத்தே வெளியில் சாப்பிடப் போய்விடுவார். நறுக்கியது உறைபெட்டியில் இருந்தால் பொரியலுக்குப் பத்து நிமிடம்.

வெளியில் சாப்பிடும் நாள்கள்

உணவங்காடி நிலையத்தைத் தவிர்த்துவிட்டு சிங்கப்பூரில் எந்தத் திட்டமும் நிற்காது. பரோட்டா இரண்டு, ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு கிண்ணம் என்பது பெரும்பாலும் மைதாவும் கொழுப்பும். கறித் துண்டு வராத குழம்பில் புரதம் எங்கிருந்து வரும்? முட்டைப் பரோட்டா ஒன்றும் பருப்புக் குழம்பும் கேட்பது அதைவிட மேல். அதைவிடவும் நல்லது, ஒரு கடையில் சாதாத் தோசை இரண்டு வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பானக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு வாங்குவது. முட்டையிலேயே 12 கிராம் புரதம் வந்துவிடும். சோயா சாஸை அதன்மேல் தாராளமாக ஊற்றாதீர்கள், உப்பு அங்கேதான் நுழைகிறது. நாம் இடியாப்பம் என்பதை இங்கே புட்டு மாயம் என்று விற்பார்கள். பழுப்புச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் கொடுப்பார்கள். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் அது சரி, இரவுச் சாப்பாடாக வேண்டாம்.

யோங் தாவ் ஃபூ கடை நமக்கு நல்ல நண்பன். தௌ குவா இரண்டு, பாகற்காய், வெண்டைக்காய், கீரை இரண்டு வகை, தெளிந்த சூப், நூடல்ஸ் பாதி. பொரித்த தௌ போக்கைத் தவிர்த்து, இனிப்புச் சாஸைத் தனியாகக் கேளுங்கள், லக்சா குழம்பில் போடச் சொல்லாதீர்கள். மீன் சூப் கடையில் பால் ஊற்றாத சூப், பொரிக்காத மீன் என்று கேளுங்கள். எந்தச் சூப்பாக இருந்தாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தால் உப்பு எகிறும். நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. நாசி பாடாங்கில் காய்கறி இரண்டு, சுட்ட மீன் ஒன்று எடுத்துக்கொண்டு, 'சோற்றின்மேல் குழம்பு வேண்டாம்' என்பதை அவர் கரண்டியைத் தூக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

பானத்தில் வார்த்தை முக்கியம். வெறும் 'கோப்பி' என்றால் டின் பால். 'கோப்பி சி' என்றால் சர்க்கரையும் ஆவியாக்கிய பாலும். 'கோப்பி ஓ' பாலில்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. 'கோசோங்' சேர்த்தால்தான் சர்க்கரை போகும். 'சியூ தாய்' என்பது சர்க்கரை குறைவு என்று மட்டுமே பொருள்படும், கடைக்குக் கடை அந்தக் 'குறைவு' மாறும். ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவ வேண்டாம், இரண்டு வாரம் சியூ தாய், பிறகு தே சி கோசோங் என்று இறங்குங்கள். அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் 'ஏ' முதல் 'டி' வரையிலான நியூட்ரி-கிரேட் குறி இருக்கிறது. 'டி' என்றால் 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 10 கிராமுக்கு மேல், அல்லது நிறைவுற்ற கொழுப்பு 2.8 கிராமுக்கு மேல்.

உடற்பயிற்சிக்கு ஒரு வாரம்

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. பாட்டும் பாடிக்கொண்டு நடந்தால் அது உலாத்தல். 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். சமையலறை மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் 20 விநாடி நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

நடைக்கு இந்த ஊரில் இடப் பஞ்சம் இல்லை. பூங்கா இணைப்புப் பாதைகள் ஏறத்தாழ எல்லாப் பேட்டைக்கும் அருகில் வந்துவிட்டன. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பிடோக் நீர்த்தேக்கம், பழைய ரயில் பாதை எல்லாம் வாரக்கடைசிக்கு. வாரநாளில் எம்ஆர்டி நிலையத்துக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தால் போகவரக் கொஞ்ச நேர நடை தேறும்.

தசைப் பயிற்சிக்குக் கருவி என்று தனியாக வாங்க வேண்டியது ஒரு ரப்பர் பட்டை மட்டும். மற்றவை வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலும் சமையலறையிலும் இருக்கின்றன.

உட்கார்ந்து எழுதல். கீழ்த்தளத்து இருக்கையில் பின்புறம் லேசாகத் தொடும்வரை இறங்கி எழுங்கள். முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே மடங்கினால் கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள். முழங்கால் வலித்தால் இன்னும் உயரமான இருக்கை.

மேசைத் தண்டால். கல் மேசையின் விளிம்பில் கை ஊன்றி, தலை முதல் குதிகால் வரை பலகை போல வைத்து இறங்குங்கள். இடுப்பு தொய்ந்தால் அது தண்டால் இல்லை. சுலபமான பிறகு மேசையிலிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து தரைக்கு.

பட்டை இழுத்தல். தூணைச் சுற்றிப் பட்டையைப் போட்டு, முழங்கைகள் விலாவை உரச, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து இழுங்கள். நாள் முழுக்கக் கணினிமுன் கூனி உட்காருபவர்களுக்கு இதுதான் முதல் மருந்து.

அரிசிப் பை தூக்குதல். 5 கிலோ அரிசிப் பையை உறுதியான துணிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பை பாதங்களுக்கு நடுவே. முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். கதவைப் பின்புறத்தால் சாத்துவது போன்ற அசைவு அது. முதுகு வளையாமல், பை காலை ஒட்டி வர, நிமிருங்கள். முதுகு வளைந்தால் தொடைக்குப் போக வேண்டிய பாரம் முதுகெலும்பின் அடிப்பகுதிக்குப் போகும். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். பை எளிதானதும் இரண்டாவது பையைச் சேருங்கள்.

சுமந்து நடத்தல். இரண்டு கையிலும் சம எடைப் பைகள், தோளை உயர்த்தாமல், 30 முதல் 40 மீட்டர். சந்தையிலிருந்து வரும்போதே இதை முடித்துவிடலாம்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் 8 முறை, இரண்டு சுற்று. பிறகு 12 முறை, மூன்று சுற்று வரை கூட்டி, அதன்பின் எடையைக் கூட்டுங்கள். சுற்றுகளுக்கு இடையில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. 'இன்னும் இரண்டுதான் முடியும்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். 12 முடிந்தும் இன்னும் இருபது போகலாம் என்று இருந்தால் தசைக்கு அதில் வேலை இல்லை. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கவே கூடாது. மாடிப்படி ஏறுவதும் நல்ல பயிற்சிதான், ஏறிப் போய் மின்தூக்கியில் இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சுமை அதிகம்.

எதற்கு முன், எதற்குப் பின்

இரண்டையும் கோத்துக் கட்டுவது இந்த நேரக் கணக்குதான். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி அவ்வளவாக இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பவரும்கூட, அதில் 15 நிமிடத்தை வெட்டி இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் வைத்தால் சர்க்கரைக்கு நல்லது. புளோக்கைச் சுற்றி மூன்று நான்கு வட்டம் போதும், குப்பையைப் போடப் போகும் சாக்கில்கூட நடக்கலாம். வேகம் தேவையில்லை. ஓடக் கூடாது, நெஞ்செரிச்சல் வரும்.

தசைப் பயிற்சியை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள், செவ்வாய், வெள்ளி என்று நாளைக் குறித்து. பயிற்சி முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும் அந்தச் சாப்பாட்டில்தான் 20, 25 கிராம் புரதம் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாகப் புரத மாவு வாங்கத் தேவை இல்லை. மதியம் சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தால் பயிற்சிக்கு முக்கால் மணி முன் ஒரு வாழைப்பழம். முழுச் சாப்பாடு என்றால் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி. காலை நடைக்கு வெறும் வயிறு பரவாயில்லை, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களைத் தவிர.

அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சுலின், கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்றவற்றை எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 4-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நீண்ட பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில்கூடச் சர்க்கரை இறங்கலாம். பயிற்சியைக் கூட்டும்போது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். செருப்போடு நடக்காமல் மூடிய காலணியும் காலுறையும் போடுங்கள், திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

வெயில், புழுக்கம், புகைமூட்டம்

இங்கே காலை ஏழு மணிக்கு வெயில் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்தே நடங்கள். காலை 11 முதல் மாலை 3 வரை வெட்டவெளியைத் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம்: நடப்பதற்கு முன்னும், பின்னர் வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீரே போதும், இனிப்புச் சேர்த்த விளையாட்டு பானம் தேவையில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலுக்குப் போய்க் கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த நீர். பேச்சு குழறினால் 995-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். காற்றுத்தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வெளிநடையை விட்டுவிட்டு வீட்டுக்குள் தசைப் பயிற்சி.

நோன்பும் இரவு வேலையும்

புரட்டாசியில் மீனும் கோழியும் போய், அந்த இடத்தை அப்பளமும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மாதத்தில் தசை தளர இது போதும். ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்து நான்கு டப்பாவில் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் வாரம் ஓடிவிடும். நிரந்தரச் சைவர்கள் பி12 அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தாலும் பயிற்சியில் சோர்வு வரும், 'வயசாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வோம்.

ரமலான் நோன்பில் திறப்பதற்கு முக்கால் மணி முன் மெல்லிய நடை, தசைப் பயிற்சி என்றால் நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. இரவு வேலை பார்க்கும் காவலர்களும் தாதியரும் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் முட்டை, சுண்டல், பழம் என்று சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணி மீ கோரெங் உடலுக்கு மிகப் பாரம். பயிற்சியைத் தூங்கி எழுந்த பிறகு செய்யுங்கள், வேலை முடிந்து களைத்து வரும்போது செய்தால் தூக்கமும் கெடும்.

மூன்றாவது வாரத்தில் வரும் குழப்பங்கள்

எடை நின்றுவிட்டது என்பார்கள். இடுப்பை அளங்கள், அது குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. இடுப்பும் குறையவில்லை என்றால் சனி, ஞாயிறைப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் 300 கலோரி குறைத்து, கல்யாண விருந்து ஒன்று, பிரியாணி ஒன்று, முறுக்கு டப்பா ஒன்று என்று 1500 கலோரியைச் சேர்த்துவிட்டால் கணக்கு சுழியம்.

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு, மூன்று நாளுக்குள் அடங்கும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், அல்லது ஒரு வாரமாகியும் குறையாத வலி இயல்பில்லை. பசி அடங்கவில்லை என்றால் காலையில் புரதம் போதவில்லை என்று பொருள். ரொட்டியும் காயா ஜாமும் தின்று தொடங்கும் நாளில் பதினொரு மணிக்கே வயிறு கேட்கும்.

ஊருக்குப் போய்வந்தோ, காய்ச்சல் வந்தோ இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம். காய்ச்சல் முற்றிலும் போனபின் முதல் நாள் ஒரே சுற்று, பாதி எடை. இரண்டாம் முறை இரண்டு சுற்று, அதே எடை. மூன்றாம் முறை பழைய எடை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை மட்டும் ஊரில் இருக்கும்போதும் விடாதீர்கள், அதற்கு நல்ல காலணியும் பதினைந்து நிமிடமும் போதும்.